வாய்க்கு எத்தனை மதிப்பெண்? சீனப் பள்ளிகளின் ஆங்கிலத் தேர்வு

சீனாவில் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் மாணவர்கள் ஜூன் 8-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு ஆங்கிலத் தேர்வு எழுத அமர்கிறார்கள். 'காவ்காவ்' எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் ஒரு தாள் அது. 2024-இல் இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண். சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அயல்மொழிக்கு 150. மீதி 300 மற்ற பாடங்களுக்கு. அயல்மொழியாக ஆங்கிலம், ருஷ்யம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய ஆறில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மிகப் பெரும்பாலோர் எழுதுவது ஆங்கிலம்தான். ஆங்கிலத்தில் பின்தங்கியவர்கள் சிலர் மேல்நிலை வகுப்பில் ஜப்பானியத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். அதில் சீன எழுத்துகள் நிறையப் புழங்குவதால் ஓரிரு ஆண்டுகளில் தேறிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஆங்கிலத்துக்கு இந்த இடம் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1950-களில் சீனப் பள்ளிகளில் முதன்மை அயல்மொழி ருஷ்யம். சோவியத் உறவு கசந்த பிறகே ஆங்கிலத்தின் பக்கம் காற்று திரும்பியது. அதற்குள் கலாசாரப் புரட்சி வந்து நுழைவுத் தேர்வையே நிறுத்திவிட்டது. 1977 டிசம்பரில் தேர்வு மீண்டும் நடந்தபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. வயலிலும் தொழிற்சாலையிலும் பத்தாண்டு கழித்துவிட்டு வந்தவர்களிடம் ஆங்கிலம் கேட்பது நியாயமில்லை என்பதால், அந்த ஆண்டில் மொழிப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டுமே அயல்மொழித் தாள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு எல்லோருக்கும் தேர்வு வைத்தார்கள், ஆனால் மதிப்பெண் கணக்கில் சேரவில்லை. பிறகு ஆண்டுக்கு ஆண்டு விழுக்காட்டை ஏற்றிக்கொண்டே போய், 1983-இல் அயல்மொழி முழு மதிப்பெண் பெறும் பாடமாயிற்று. கிராமத்துப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில், இப்படிப் படிப்படியாக ஏற்றியது பொறுப்பான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்து வினாத்தாளில் மொழிபெயர்ப்பும் வினைச்சொல்லின் வடிவம் மாற்றுதலும்தான் நிறைந்திருந்தன. திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறியது. இதை மாற்றும் முயற்சி குவாங்தோங் மாகாணத்தில் தொடங்கியது. குவாங்சௌ நகரின் அயல்மொழிக் கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய மொழியியலாளர் குய் ஷிச்சுன் தலைமையில், 1985-இல் அங்கே தரப்படுத்தப்பட்ட ஆங்கிலத் தேர்வு சோதனை முறையில் நடந்தது. நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், பென்சிலால் கறுப்பாக்கும் விடைத்தாள், எந்திரத் திருத்தம். சில ஆண்டுகளில் இந்த முறை நாடு முழுவதும் பரவியது. அந்தத் தேர்வை வடிவமைத்தவர்களில் ஒருவரான லீ ஷியாவ்ஜு, நல்ல தேர்வு ஒன்றே வகுப்பறையை மாற்றிவிடும் என்று நம்பினார். இலக்கண விதியை ஒப்பிப்பதை விட்டு மாணவர்கள் நிறையப் படிக்கவும் கேட்கவும் தொடங்குவார்கள் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அதன் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த நம்பிக்கை இருக்கிறது. அது எவ்வளவு தூரம் பலித்தது என்பதை இன்றைய வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தால் தெரியும்.

பல மாகாணங்கள் இப்போது எழுதுவது 'புதிய காவ்காவ்' வினாத்தாள். இரண்டு மணிநேரத் தேர்வு. முதலில் கேட்டல்: ஒலிபெருக்கியில் வரும் உரையாடலைக் கேட்டு 20 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்; 30 மதிப்பெண். முதல் ஐந்து சிறு உரையாடல்கள் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், மற்றவை இரண்டு முறை. அந்த இருபது நிமிடங்களுக்காகத் தேர்வு மையத்தைச் சுற்றிக் கட்டட வேலை நிறுத்தப்படுகிறது, ஹார்ன் அடிக்கத் தடை வருகிறது.

அடுத்தது வாசிப்பு, 50 மதிப்பெண். நான்கு பத்திகளைப் படித்து 15 கேள்விகள். பிறகு ஐந்து வாக்கியங்கள் உருவப்பட்ட ஒரு கட்டுரை. கீழே ஏழு வாக்கியங்கள் இருக்கும். பொருத்தமான ஐந்தை எடுத்து இடத்தில் வைத்து, இரண்டை ஒதுக்க வேண்டும். சொற்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. முந்தைய வாக்கியத்துக்கும் பிந்தைய வாக்கியத்துக்கும் உள்ள தொடுப்பைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் இதில் தப்ப முடியும். தாளிலேயே நேர்த்தியான கேள்வி இதுதான்.

மூன்றாவது பகுதி, கோடிட்ட இடங்களை நிரப்புதல். ஒரு கதையில் 15 இடங்களுக்கு விடை கொடுக்கப்பட்டிருக்கும், தேர்ந்தெடுத்தால் போதும். அடுத்த பத்தியில் வரும் 10 இடங்களுக்கு விடைப்பட்டியல் கிடையாது. சில இடங்களில் வேர்ச்சொல் மட்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 'டிஸ்கவர்' என்று கொடுத்திருந்தால், அந்த இடத்துக்கு வேண்டியது 'டிஸ்கவர்டு' என்ற இறந்தகால வடிவமா, 'டிஸ்கவரி' என்ற பெயர்ச்சொல்லா என்பதை மாணவரே முடிவு செய்து எழுத வேண்டும். மற்ற இடங்களில் வேர்ச்சொல்கூட இருக்காது. 'தி', 'ஆஃப்' போன்ற சிறு சொற்களைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். தனித்தனி வாக்கியங்களாக வந்த இலக்கண ஒரு மதிப்பெண் கேள்விகளை 2014-இல் தேசிய வினாத்தாளிலிருந்து எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். இந்தப் பத்திகள் பெரும்பாலும் சீனாவைப் பற்றியே பேசும். 2022-இல் பாண்டா தேசியப் பூங்கா. 2023-இல் ஷாங்காய்ப் பக்கத்துச் சூப் கொழுக்கட்டையான ஷியாவ்லோங்பாவ். தன் நாட்டை அயலாருக்குச் சொல்லத்தான் அயல்மொழி என்ற எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

எழுத்துப் பகுதியிலும் அதே எண்ணம்தான். அங்கே ஒரு நிரந்தரக் கதாபாத்திரம் உண்டு: லீ ஹுவா. 'உன் பெயர் லீ ஹுவா என்று வைத்துக்கொள்' என்று கேள்வி தொடங்கும். மாணவர் தன் உண்மைப் பெயரை எழுதினால் திருத்துபவருக்கு ஆள் தெரிந்துவிடும் என்பதால் வந்த ஏற்பாடு இது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் லீ ஹுவாவாக மாறி வெளிநாட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். 2017 தேசிய வினாத்தாள் ஒன்றில் லீ ஹுவா, லெஸ்லி என்ற பிரிட்டிஷ் நண்பருக்குச் சீன மொழி கற்றுக்கொடுக்கிறார். அடுத்த வகுப்பு எப்போது, எங்கே; அதில் தாங் காலத்துக் கவிதைகள் படிக்கப்போகிறோம்; வருவதற்கு முன் தாங் வம்ச வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு வா என்று மின்னஞ்சல் எழுத வேண்டும். 2019-இல் அவர் லண்டனில் கோடைக்கால வகுப்பில் இருக்கிறார். அங்கே ஓர் ஓவியக் கூடத்தில் சீன ஓவியக் கண்காட்சி நடக்கப்போவதை அறிந்து, தொண்டராகச் சேர விண்ணப்பிக்கிறார். சீன மாணவர்கள் நடுவே லீ ஹுவாவைத் தெரியாதவர் இல்லை.

புதிய வினாத்தாளில் இந்தக் கடிதத்துக்கு 15 மதிப்பெண், சுமார் 80 சொற்கள். அதைவிடப் பெரியது கதையைத் தொடர்ந்து எழுதும் கேள்வி, 25 மதிப்பெண். பாதியில் நிற்கும் ஒரு கதையைக் கொடுத்து, அடுத்து வரவேண்டிய இரண்டு பத்திகளின் முதல் வாக்கியத்தை மட்டும் தருவார்கள். மீதியை 150 சொற்களில் மாணவர் முடிக்க வேண்டும். 2021-இல் வந்த கதையில் இரட்டைப் பிள்ளைகள் இருவர், அன்னையர் தினத்தன்று அம்மாவுக்குத் தாங்களே காலை உணவு சமைக்க இறங்குகிறார்கள். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைகிறது, ரொட்டி கருகுகிறது. பிள்ளைகள் மனம் உடைந்து நிற்கும்போது அப்பா வந்தார் என்பது முதல் பத்தியின் தொடக்கம். உணவை மாடிக்கு எடுத்துச் சென்று அம்மாவை எழுப்பினார்கள் என்பது இரண்டாவதின் தொடக்கம். இடையில் அப்பா என்ன சொன்னார், கருகிய ரொட்டிக்குப் பதில் என்ன கிடைத்தது, அம்மாவின் முகம் எப்படி மாறியது என்பதெல்லாம் மாணவர் கையில். கொடுத்த கதையின் நடையையும் சொற்களையும் பார்த்துப் பிடித்துக்கொண்டு எழுதும்போது மொழி தானே படிகிறது என்பது இதன் அடிப்படை. குவாங்தோங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வாங் சூமிங் இந்தக் கருத்தை விடாமல் வலியுறுத்தியவர். இந்த வகைக் கேள்வி 2016 அக்டோபரில் ஷெஜியாங் மாகாணத் தேர்வில் முதன்முதலாக வந்து, 2020-க்குப் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

கருத்து நல்ல கருத்துதான். ஆனால் 25 மதிப்பெண் என்றதும் டியூஷன் உலகம் அதையும் சூத்திரமாக்கிவிட்டது. கண்ணீர் வழிந்ததற்கு ஐந்து வாக்கியம், இதயம் படபடத்ததற்கு ஐந்து வாக்கியம், சூரியன் மறைந்ததற்கு ஐந்து வாக்கியம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். எந்தக் கதையாக இருந்தாலும் கடைசியில் கட்டித் தழுவலும் கண்ணீர்ப் புன்னகையும் வந்துவிடுகின்றன. பதினேழு வயதுப் பிள்ளை தன் மனத்தில் தோன்றியதைச் சொல்வதற்கென்று வைத்த கேள்வி அது. அதில் ஊரே ஒரே வாக்கியத்தை எழுதுவது வேதனையான விஷயம்.

எழுதுவது மட்டுமல்ல, எழுத்தின் வடிவமும் பயிற்சிக்கு உள்ளாகிறது. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கணினித் திரையில்தான் திருத்துகிறார்கள். ஒரே விடையை ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஆசிரியர்கள் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இருவருக்கும் வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவரிடம் போகிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு விடை சில நொடிகள்தான். எனவே அச்சடித்ததுபோல் உருண்டையாக, ஒரே அளவில், இடைவெளி பிசகாமல் எழுதும் ஆங்கிலக் கையெழுத்து ஒன்று பரவியது. ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் நகரப் பள்ளியில் பிரபலமாகி, 'ஹெங்ஷுய் எழுத்து' என்றே பெயர் பெற்றது. அந்த எழுத்தைப் பழகப் பயிற்சிப் புத்தகங்கள் விற்பனையாகின்றன. இரண்டு பேர் தனித்தனியே திருத்தும் முறை நேர்மையானது, பாராட்டத்தக்கது. ஆனால் மொழி கற்க வேண்டிய மணிநேரங்களை 'ஏ'யின் வயிற்றை உருட்டுவதில் செலவிடும் மாணவர்களை நினைத்தால், அந்த நேர்மைக்கு அவர்கள் கொடுக்கும் விலை தெரிகிறது.

தேர்வை மாற்றினால் கற்பித்தல் மாறிவிடும் என்ற பழைய எதிர்பார்ப்பை ஆய்வு செய்தவர் சீ லூஷியா. 2005-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரை, வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் பேசி, வகுப்பறையையும் நேரில் பார்த்து எழுதப்பட்டது. மொழியைப் பயன்படுத்தக் கற்கட்டும் என்று வினாத்தாள்காரர்கள் நினைத்தார்கள். வகுப்பறையோ மதிப்பெண்ணை ஏற்றும் பயிற்சியிலேயே நின்றது. தேர்வுக்கு இரண்டு வேலை: ஒன்று வடிகட்டுதல், மற்றொன்று வகுப்பறைக்கு வழிகாட்டுதல். வடிகட்டும் வேலை இருக்கும்வரை மற்ற வேலை நடக்காது என்பதே அந்த ஆய்வின் சாரம்.

வடிகட்டும் தேர்வில் மக்கள் எதிர்பார்ப்பது எல்லாவற்றையும்விட நியாயம். அது பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஷெஜியாங் ஓர் உதாரணம். ஒரே நாளில் தலைவிதி முடிவாகக் கூடாது என்று 2014-இல் அந்த மாகாணத்துக்கும் ஷாங்காய்க்கும் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. அதன்படி ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதி, அதிக மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் ஷெஜியாங்கில் நடந்த தேர்வு முந்தைய ஆண்டைவிடக் கடினம் என்று கருதிய கல்வித்துறை, சில கேள்விகளின் மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை கொடுத்து முடிவு வெளியிட்டது. எந்தக் கேள்விக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். மாகாண அரசு விசாரணை நடத்தி, அந்த முடிவு தவறு என்று அறிவித்து, டிசம்பர் தொடக்கத்தில் பழையபடி மாணவர் எடுத்த அசல் மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தது. இதைப் பார்த்த மற்ற மாகாணங்கள் புதுமைக்குத் தயங்கினால் ஆச்சரியமில்லை. வினாத்தாளே அரசு ரகசியமாகக் காக்கப்படும் நாடு அது. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, தேசியத் தேர்வில் முறைகேட்டுக்கு ஏற்பாடு செய்பவர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறை.

நியாயம் என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுவது கேட்டலிலும் பேச்சிலும்தான். நகரத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டு ஆசிரியர், இணையப் பாடம், கோடை முகாம் எல்லாம் கிடைக்கும். மலைக் கிராமத்துப் பள்ளிக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கி கிடைத்தாலே பெரிது. 2001-இல் கல்வி அமைச்சகம் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்க வழி செய்தது. ஆசிரியர் கிடைத்த இடத்தில்தான் அது நடந்தது. மக்கள்தொகை மிகுந்த ஹெனான் மாகாணத்தில் பல ஆண்டுகள் கேட்டல் பகுதியின் மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்கவே இல்லை. மற்ற பகுதிகளில் 120-க்கு எடுத்ததை 150-க்கு மாற்றிக் கணக்கிட்டார்கள். கிராமத்துப் பிள்ளையைக் காக்கச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் மதிப்பெண் இல்லாததைப் பள்ளிகள் கற்பிக்காமல் விட்டுவிடும் என்பதால், அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய் முதன்முதலாகப் பேச்சு ஆங்கிலம் கேட்டுத் திகைக்க வேண்டியதாயிற்று.

பேச்சுக்கு வழி காட்டியதும் குவாங்தோங்தான். 2011 முதல் அந்த மாகாணத்தில் ஆங்கிலம் எழுதும் மாணவர்கள் அனைவரும் கணினிவழிக் கேட்டல்–பேசுதல் தேர்வுக்கு உட்காருகிறார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரை முன் அமர வேண்டும். முதலில் ஒரு காணொளியைப் பார்த்து, அதில் பேசுபவரின் வேகத்திலும் ஏற்ற இறக்கத்திலும் அப்படியே சேர்ந்து வாசிக்க வேண்டும். அடுத்து ஒரு பாத்திரமாகி, சீனத்தில் கொடுத்த குறிப்பை ஆங்கிலக் கேள்வியாக்கிக் கேட்க வேண்டும். வந்த பதிலை வைத்துச் சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கதையைக் கேட்டு, தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் பதிவாகும். அறையில் பலரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் முந்திக்கொண்டு பேசினாலும் தன் குரலை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். 2021 முதல் இதற்கு 20 மதிப்பெண். பெய்ஜிங் அதே ஆண்டில் இன்னும் துணிந்து கேட்டலுக்கு 30, பேச்சுக்கு 20 என்று மொத்தம் 50 மதிப்பெண்ணைக் கணினிக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. ஷாங்காயிலும் கேட்டல்–பேசுதலுக்கு 10 மதிப்பெண் உண்டு. எதிரே ஆள் இல்லாமல் திரையோடு பேசுவதை உரையாடல் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பல லட்சம் பேரை நேர்முகமாக அமர்த்திப் பேசவைக்க ஆசிரியர்கள் எங்கே? வாய் திறந்து பேசினால் மதிப்பெண் உண்டு என்ற நிலை வந்ததே பெரிய முன்னேற்றம். மதிப்பெண் வந்த பிறகுதான் குவாங்தோங் பள்ளிகள் பேச்சுப் பயிற்சிக்குப் பாடவேளை ஒதுக்கின.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு இடம் வேண்டுமா என்ற வாதமும் ஓயவில்லை. 2013-இல் பெய்ஜிங் நகர நிர்வாகம் ஆங்கிலத்தை 150-இலிருந்து 100-ஆகக் குறைக்கத் திட்டம் வெளியிட்டது, நாடே விவாதித்தது, குறைப்பு நடக்கவில்லை. 2021-இல் அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர், ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாக வைத்திருக்கத் தேவையில்லை என்று முன்மொழிந்தார். அரசு ஏற்கவில்லை. இதற்கிடையே 2018-இல், ஆங்கிலத் திறனை ஒன்பது படிகளாக வகுக்கும் தேசிய அளவுகோல் ஒன்றைச் சீனா வெளியிட்டது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதலோடு மொழிபெயர்ப்புக்கும் அதில் இடம் உண்டு. மேல்நிலைப் பாடத்திட்டமும் 3,000 சொற்களுக்கு மேல் கேட்பதோடு நிற்காமல், மொழித்திறன், பண்பாட்டு உணர்வு, சிந்தனைத் தரம், கற்கும் திறன் ஆகிய நான்கையும் இலக்காக வைக்கிறது.

ஏட்டில் இலக்கு சரியாக இருக்கிறது. மதிப்பெண் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. பெரும்பாலான மாகாணங்களில் மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் 150-க்கு 150 வாங்க முடியும். மொழிப் படிப்புக்குச் செல்பவர்களுக்கெனத் தனியாக வைக்கும் வாய்மொழித் தேர்வும் 750-இல் சேர்வதில்லை. கிராமத்துப் பள்ளிகளுக்குக் கணினியும் ஹெட்போனும், அதைவிட முக்கியமாகப் பேசக்கூடிய ஆசிரியரும் போய்ச் சேராமல் நாடு முழுவதும் பேச்சுத் தேர்வு வைத்தால், அடிபடுவது கிராமத்துப் பிள்ளைதான். எனவே முதல் வேலை வினாத்தாளில் இல்லை, அந்தப் பள்ளிகளில் இருக்கிறது.